கோரைப் பாயும் காற்றுப் படுக்கையும்

திருவண்ணாமலை என்றால் தமிழ்நாட்டில் பெரும்பாலோருக்கு அருணாசலமும் கார்த்திகை தீபமும்தான் நினைவுக்கு வரும். ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வட்டாரத்தாருக்கு அதே பெயரில் இன்னொரு மலை உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, மேற்குத் தொடர்ச்சி மலையின் நீல வரிசை பின்னால் தெரிய, ஒரு குன்றின் மேல் சீனிவாசப் பெருமாள் கோயில். தென் திருப்பதி என்றும் சொல்வார்கள். புரட்டாசி சனிக்கிழமைகளில் சுற்றுப்பட்டு ஊர்கள் எல்லாம் அங்கே கூடிவிடும்.

மாட்டு வண்டிக் காலத்தில் அந்தச் சனிக்கிழமை வெள்ளிக்கிழமை மாலையே தொடங்கிவிடும். வண்டியின் அடித்தட்டில் ஒரு சாண் உயரத்துக்கு வைக்கோல் பரப்புவார்கள். அதன் மேல் சாக்கு, சாக்கின் மேல் ஜமுக்காளம். வழியெல்லாம் அது பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் இருக்கை. அடிவாரத்தில் மாட்டை அவிழ்த்துக் கட்டியதும் அதுவே படுக்கை. விடிந்ததும் மாடுகளுக்குத் தீவனம். கொண்டுவந்த மெத்தையைப் பாதி தின்று தீர்த்துவிட்டுத்தான் மாடுகள் ஊர் திரும்பும். இன்று வேனும் ஆட்டோவும் இரு சக்கர வாகனமும் வந்தபின், விடியற்காலையில் கிளம்பி, தரிசனம் முடித்து, மதியச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருக்க முடிகிறது. வெளியில் தங்குகிற அந்த ஓர் இரவு வழக்கத்திலிருந்து மெல்ல உதிர்ந்துவிட்டது.

வைக்கோலைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. தாள் உள்ளே குழல். குழலுக்குள்ளும் தாளுக்கும் தாளுக்கும் இடையிலும் காற்று அசையாமல் நிற்கும். அசையாத காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. இன்றைக்குப் பல்லாயிரம் ரூபாய்க்கு விற்கும் மலையேற்றப் படுக்கைகளின் சூட்சுமமும் இந்த அசையாத காற்றுதான். அன்று அதை அறுவடை கொடுத்தது. இன்று ஆலை கொடுக்கிறது.

வெறுந்தரையில் படுக்காதே, குளிர்ச்சி ஏறிக்கொள்ளும் என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வது வழக்கம். உண்மையில் நடப்பது இதற்கு எதிர்த்திசையில். நம் உடலின் சூடு தரைக்குள் இறங்குகிறது. திசை எதுவானால் என்ன, கீழே ஏதாவது விரித்துக்கொள் என்ற முடிவு சரியானதே. மேலே எத்தனை போர்வை போர்த்தினாலும் முதுகுக்குக் கீழே சிக்கிய போர்வை நம் எடையால் நசுங்கி, காற்றை இழந்து, கம்பளி என்ற பெயர் மட்டும் மிஞ்சிய துணியாகிவிடும். விலையுயர்ந்த ஸ்லீப்பிங் பேக்குக்கும் இதே கதிதான். ஆகவே குளிர்காலத்தில் மலையில் தங்குகிறவர் போர்வைக்கு முன்னால் பாயைப் பற்றி யோசிப்பதே முறை.

எங்கள் பக்கத்தில் அன்று மலையில் இரவு தங்குவது என்றால் அது சதுரகிரிதான். வத்திராயிருப்பைக் கடந்து தாணிப்பாறையில் ஏறத் தொடங்கி, வழுக்குப் பாறை, சங்கிலிப் பாறை, கோரக்கர் குகை, இரட்டை லிங்கம், பிலாவடிக் கருப்பர் என்று ஒவ்வோர் இடமாகத் தாண்டி, சுந்தரமகாலிங்கம், சந்தனமகாலிங்கம் கோயில்களை அடைவார்கள். ஆடி அமாவாசைக்கு ஏறுகிற கூட்டம் கணக்கில் அடங்காது. முன்பெல்லாம் மேலே அன்னதான மடங்களில் சாப்பிட்டுவிட்டு, திண்ணையிலோ மரத்தடியிலோ பாறையிலோ படுத்து, மறுநாளோ அதற்கு மறுநாளோ இறங்குவார்கள். கையில் இருந்தது ஒரு துணிப்பை, ஒரு போர்வை, சிலரிடம் சுருட்டிய கோரைப் பாய். பாய் இல்லாதவர் வேட்டியை நான்காக மடித்துப் போட்டுக்கொள்வார். சாக்கைத் தலையிலிருந்து முதுகு வரை கொங்காணி போட்டுக்கொண்டு ஏறியவருக்கு மழைக்கும் அது, படுக்கைக்கும் அது.

கோரைப் பாய் கனமில்லை; ஒரு கிலோ அளவில்தான் இருக்கும். ஆனால் சுருட்டினால் மூன்றடி நீளக் குழலாகிவிடும். மடிக்க முடியாது, மடித்தால் கோரை ஒடியும். தோளில் சாய்த்துக்கொண்டு ஏறும்போது கிளையில் மாட்டும். தடிமன் இரண்டு மூன்று மில்லிமீட்டர். சரளைக் கல் அதன் வழியாகத் தெளிவாகத் தெரியும். இத்தனை குறையிருந்தும் சமவெளியில் அதற்கு இணையான விரிப்பு இன்றுவரை இல்லை என்பேன். காரணம், கோரைக்கும் கோரைக்கும் இடையில் காற்று போய் வரும். வியர்வை தங்காது. தாமிரபரணிக் கரைப் பத்தமடையில் நெய்யும் நயமான பாய்க்கு உலகப் புகழ் உண்டு. மலைக்குப் போனதோ சந்தையில் வாங்கிய முரட்டுப் பாய். இரண்டுக்கும் குணம் ஒன்றே. சித்திரை இரவில் ராஜபாளையத்து மொட்டை மாடியில் படுத்துப் பார்த்தவருக்கு இது புரியும்.

பாய் செய்யாததை அன்று இடத்தேர்வு செய்தது. இதை ஒரு கலை என்றே சொல்லலாம், யாரும் அப்படிப் பெயர் வைக்காவிட்டாலும். ஓடைக்குள் படுக்கக் கூடாது. மேலே எங்கோ மழை பெய்தால் இங்கே வானம் தெளிவாக இருக்கும்போதே தண்ணீர் வரும். தலை மேட்டுப்பக்கம் இருக்க வேண்டும். கல்லைப் பொறுக்கிவிட்டு, இடுப்பெலும்பு விழும் இடத்தில் கையால் லேசாகப் பள்ளம் பறிக்க வேண்டும். ஒருக்களித்துப் படுப்பவருக்கு அந்தப் பள்ளம் ஒன்றே பாதி மெத்தை. சருகு பரப்பினால் முதலில் குச்சியால் கிளறிப் பார்க்க வேண்டும். தேளுக்கும் அந்த இடம் பிடிக்கும். பாறை விஷயம் இன்னும் நுட்பமானது. பகல் முழுக்க வெயில் குடித்த பாறை முன்னிரவில் இதமாக இருக்கும். கால் நீட்டியதும் தூக்கம் வரும். விடியலுக்கு முன் அதே பாறை உடம்பின் சூட்டை மண்ணைவிட வேகமாக இழுத்துக்கொள்ளும். பழகியவர்கள் இரவு பேசிக்கொண்டிருக்கப் பாறைக்கும், தூங்க மண்தரைக்கும் போவார்கள்.

மலையிலேயே வாழ்ந்த பளியர்களுக்கு இந்த அறிவு வழிவழியாக வந்தது. பாறைக் குகைகளிலும் புல் குடிசைகளிலும் தங்கிய அவர்களுக்கு நெருப்புதான் முதல் படுக்கை என்று சொல்லத் தோன்றுகிறது. யாத்திரைக்காரர்களும் நெருப்பை நம்பியே படுத்தார்கள். நாலு பேர் சுற்றிப் படுத்தால் ஒரு பக்கம் சூடு, ஒரு பக்கம் குளிர். திரும்பித் திரும்பிப் படுத்து இரவை ஓட்டுவார்கள். மெல்லிய பாய் போதுமானதாக இருந்ததற்கு நெருப்பு பெரிய காரணம்.

இங்கே இப்படி இருந்த அதே காலத்தில், உலகத்தின் மறுகோடியில் படுக்கையின் கதை திரும்பியது. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் போயிங் விமான நிறுவனம் 1970-களின் தொடக்கத்தில் ஆயிரக்கணக்கானோரை வேலையிலிருந்து நீக்கியது. வேலை இழந்த பொறியாளர்களில் ஜிம் லீ, நீல் ஆண்டர்சன் இருவரும் மலையேறுகிறவர்கள். தோட்ட வேலையின்போது முழங்காலுக்குக் கீழே வைத்த நுரைப் பஞ்சு அழுந்தும்போது காற்றை வெளிவிட்டு, எடுத்ததும் மீண்டும் உறிஞ்சுவதை லீ கவனித்தார். அந்தக் காற்றை வெளியேற விடாமல் அடைத்தால் என்ன என்ற கேள்வியிலிருந்து, காற்றுப் புகாத உறைக்குள் நுரையை ஒட்டி, ஒரு மூடியும் வைத்த படுக்கை பிறந்தது. மூடியைத் திறந்தால் தானே காற்றை இழுத்து உப்பும். ஜான் பரோஸ் என்ற மலையேறும் நண்பரும் சேர, 1972-ல் கேஸ்கேட் டிசைன்ஸ் நிறுவனம் தொடங்கியது. தெர்ம்-எ-ரெஸ்ட் என்ற பெயரில் அந்தப் படுக்கை விற்பனைக்கு வந்தது. அதுவரை அங்கும் மலையேறிகள் மூடிய நுண்ணறை கொண்ட கெட்டி நுரைப் பாயையோ, குளிரைத் தடுக்காத வெறும் காற்று மெத்தையையோதான் சுமந்தார்கள்.

2009-ல் அதே நிறுவனம் நுரையை எடுத்துவிட்டது. உள்ளே முக்கோண முக்கோணமாகத் தடுப்புகளும், உடற்சூட்டைத் திருப்பி அனுப்பும் பளபளப்பான படலமும் வைத்து, நியோஏர் என்ற பெயரில் காற்றுப் படுக்கை கொண்டுவந்தது. ஆறேழு சென்டிமீட்டர் தடிமன். சுருட்டினால் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் அளவு. அந்த வரிசையின் மெல்லிய வகை அரைக் கிலோகூட வராது. ஒரு கிலோக் கோரைப் பாய் மூன்று மில்லிமீட்டர் கொடுத்த இடத்தில், அதில் பாதிக்கும் குறைவான எடை அறுபது, எழுபது மில்லிமீட்டர் கொடுக்கிறது. புரண்டு படுத்தால் சிப்ஸ் பாக்கெட்டைக் கசக்குவதுபோல் சரசரக்கும் என்பதுதான் குறை. புதிய வகைகளில் அதுவும் குறைந்துவருகிறது.

இவ்வளவு வந்தபின்னும் ஒரு குழப்பம் நீடித்தது. எந்தப் படுக்கை எவ்வளவு குளிரைத் தாங்கும் என்பதை ஒவ்வொரு நிறுவனமும் தன் போக்கில் அளந்து அச்சிட்டது. ஏ.எஸ்.டி.எம். எஃப் 3340 என்ற தர அளவு 2018-ல் வந்து, 2020 வாக்கில் பெரிய நிறுவனங்கள் அதை ஏற்றுக்கொண்டபின் நிலைமை தெளிந்தது. படுக்கையைப் பயன்படுத்தும் அளவுக்கு உப்பவைத்து, குளிர்ந்த தட்டுக்கும் வெதுவெதுப்பான தட்டுக்கும் நடுவில் வைத்து, மேல்தட்டைச் சூடாகவே வைத்திருக்க எவ்வளவு மின்சாரம் வேண்டும் என்று அளக்கிறார்கள். அதிலிருந்து வருவது ஆர் மதிப்பு. எண் கூடினால் வெப்பத்தைத் தடுக்கும் திறன் கூடுகிறது. ஒன்றின் மேல் ஒன்று இரண்டு படுக்கை போட்டால் இரண்டின் ஆர் மதிப்பையும் கூட்டிக்கொள்ளலாம். வைக்கோல் மேல் சாக்கு, சாக்கின் மேல் ஜமுக்காளம் போட்டவர்கள் செய்ததும் இந்தக் கூட்டல்தான். அவர்களிடம் எண் இல்லை.

எண் இல்லாவிட்டாலும் நல்ல படுக்கை எது என்ற எண்ணம் இந்த மண்ணில் பழையது. ஆண்டாள் பிறந்த ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். திருப்பாவையின் 19-ஆம் பாசுரத்தில் பஞ்சசயனம் வருகிறது. அழகு, குளிர்ச்சி, மென்மை, மணம், வெண்மை என்ற ஐந்து குணம் அமைந்த படுக்கை என்று உரையாசிரியர்கள் விளக்குவார்கள். இன்று கடையில் படுக்கையின் அட்டையில் அச்சிட்டிருப்பதும் ஏறக்குறைய ஐந்துதான்: எடை, தடிமன், சுருட்டிய அளவு, ஆர் மதிப்பு, துணியின் உறுதி. இரண்டு பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று உறுத்துகிறது. அங்கே குளிர்ச்சி ஒரு குணம். இங்கே அளப்பதெல்லாம் வெப்பம் மட்டும். வெப்ப நாட்டில் படுக்கும் ஒருவருக்கு எந்தப் படுக்கை புழுங்காது என்று சொல்லும் எண் எந்த அட்டையிலும் கிடையாது. இந்தத் தர அளவுகள் பனி விழும் நாடுகளின் தேவையிலிருந்து வந்தவை. அதில் குற்றமில்லை. ஆனால் ராஜபாளையத்தில் வாங்குகிறவர் இதை மனத்தில் வைத்தே வாங்க வேண்டும்.

கடல்மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சராசரியாக ஆறு டிகிரி அளவில் குறையும். மார்கழி இரவில் அடிவாரத்தில் 20 டிகிரியை ஒட்டி இருந்தால், ஆயிரம் மீட்டரில் 14, 15 இருக்கலாம். அதற்கு ஆர் மதிப்பு 1-லிருந்து 2 வரை போதும். ஒரு சென்டிமீட்டர் தடிமனுள்ள கெட்டி நுரைப் பாய், கடைப்பேச்சில் ஃபோம் பாய், இந்த வேலையைச் சில நூறு ரூபாயில் செய்துவிடும். கொழுக்குமலை, கொடைக்கானல், ஊட்டி போன்ற உயரங்களில் டிசம்பர், ஜனவரியில் தங்குவதானால் 3-ஐ ஒட்டி வேண்டும். இமயத்தில் பனிக்காலம் என்றால் 5-க்கு மேல். நம் மலைகளுக்கு 3-ஐ வெகுவாகத் தாண்டிய எண்ணுக்குப் பணம் கொடுப்பது வியர்வைக்குக் கொடுக்கும் விலை.

எண்ணோடு முடிகிற விஷயமும் இல்லை. மல்லாந்து படுப்பவருக்கு ஃபோம் பாய் சமாளிக்கும். ஒருக்களித்துப் படுப்பவரின் இடுப்பும் தோளும் அதில் தரையைத் தொட்டுவிடும். அவருக்கு ஏழு சென்டிமீட்டராவது தடிமன் உள்ள காற்றுப் படுக்கையே தூக்கம் தரும். ஆனால் எங்கள் அடிவாரம் முழுக்க முள். உடைமுள்ளும் சீமைக் கருவேல முள்ளும் செருப்பைத் துளைக்கும். காற்றுப் படுக்கையின் இருபது டெனியர் நைலான் துணி எம்மாத்திரம்? கூடாரத்துக்கு வெளியே காற்றுப் படுக்கையை அப்படியே விரிக்கவே கூடாது. கீழே தார்ப்பாயோ ஃபோம் பாயோ போட்டாக வேண்டும். ஒட்டுப்போடும் பசையும் துண்டும் பையில் இருக்க வேண்டும். நுரையும் காற்றும் கலந்த, தானே உப்பும் வகை இதற்கு நடுவழி. ஓட்டை விழுந்தாலும் உள்ளே இருக்கும் நுரை ஓரளவு தாங்கும். விலையும் நடுத்தரம். எடை மட்டும் வழக்கமான அளவில் அரைக் கிலோவைத் தாண்டிவிடும். வண்டி போகும் இடத்தில் தங்குபவருக்கு எடை ஒரு பொருட்டல்ல. முதுகில் சுமந்து ஏறுபவருக்கு ஒவ்வொரு நூறு கிராமும் பேசும்.

காற்றுப் படுக்கையை உப்பவைப்பதிலும் ஒரு பழக்கம் வேண்டும். வாயால் ஊதினால் மூச்சின் ஈரம் உள்ளே போய்ப் பூஞ்சை பிடிக்கும். கூடவே வரும் காற்றுப் பையால் நிரப்புவது நல்லது. கல்லாக உப்பவைத்தவர்கள் காலையில் முதுகைப் பிடித்துக்கொண்டு எழுவார்கள். உப்பியபின் ஒருக்களித்துப் படுத்து, இடுப்பு தரையைத் தொடுவதற்குச் சற்று முன்புவரை காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். உள்ளங்கையால் பள்ளம் பறித்தவர்கள் மண்ணில் தேடிய அளவு இதுதான். நள்ளிரவில் படுக்கை தளர்ந்ததாகத் தோன்றினால் உடனே ஓட்டை என்று பதறத் தேவையில்லை. குளிரில் காற்று சுருங்கும். கொஞ்சம் காற்று சேர்த்தால் சரியாகிவிடும்.

இந்த வசதியால் மலையில் தங்க முடியாதவர்கள் தங்குகிறார்கள் என்பதை நான் மிக மதிக்கிறேன். முதுகுவலிக்காரர், மூட்டு தேய்ந்தவர், கட்டிலிலேயே வளர்ந்த பிள்ளைகள். அன்று தரையில் தூங்க முடியாதவர் மலைக்கே போகவில்லை. போனவர்களின் கதையே நம்மிடம் இருப்பதால், எல்லோரும் பாறையில் சுகமாகத் தூங்கியதாகத் தோன்றுகிறது. தூங்காமல் விடியலுக்குக் காத்திருந்தவர்களும் அவர்களில் நிறைய இருந்திருப்பார்கள்.

இழந்தது வேறு வகை. காற்றுப் படுக்கையின் வழக்கமான அகலம் 51 சென்டிமீட்டர், நீளம் 183. ஓர் ஆள் நேராகப் படுக்கலாம். கையை விரித்தால் தரை. கோரைப் பாய் ஆறடிக்கு மூன்றடி. ஆறுக்கு நான்கும் உண்டு. அதைக் குறுக்கே போட்டு மூன்று பிள்ளைகளைக் கிடத்தி, காலை வெளியே நீட்டவிட்டுப் பாட்டி பக்கத்தில் படுப்பாள். ஆடி அமாவாசைக் கூட்டத்தில் முன்பின் தெரியாதவர் கொஞ்சம் தள்ளிக்கொள்ளுங்கள் என்றால் பாயின் ஓரம் அவருக்கும் ஆகும். ஒருவருக்கென்று தைத்த படுக்கையில் இன்னொருவருக்கு ஓரம் இல்லை. நல்ல தூக்கத்துக்கு அது தேவைதான். எனினும் இன்று கொழுக்குமலைக்குப் போகும் இளைஞர் குழுவில் ஆறு பேர் என்றால் ஆறு தனித்தனிப் படுக்கை, ஆறு உறை, ஆறு மூடி என்று பார்க்கும்போது, ஒரே ஜமுக்காளத்தில் கிடந்து விடியவிடியப் பேசிய தலைமுறை நினைவுக்கு வருகிறது.

அதைவிடப் பெரிய மாற்றம், படுக்க இடமே இல்லாமல் போனது. ஸ்ரீவில்லிபுத்தூர் மலைகள் 1988-ல் சாம்பல் நிற அணில் சரணாலயம் ஆயின. 2015 மே மாதம் சதுரகிரிப் பாதையில் திடீர்க் காட்டாற்று வெள்ளம் பக்தர்கள் பலரைக் கொண்டுபோனது. அதன்பின் மலையில் இரவு தங்குவது தடைப்பட்டது. நினைத்த நாளில் ஏறிய மலைக்கு அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி மாதத்தில் எட்டு நாள் என்ற கணக்கு பல ஆண்டுகள் நடந்தது. இன்றும் காலையில் ஏறினால் மாலைக்குள் இறங்கிவிட வேண்டும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேற்றம் போன 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தபின், மாநிலம் முழுவதும் மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. 2021 பிப்ரவரியில் ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை நாட்டின் 51-ஆவது புலிகள் காப்பகமானது. பரப்பு ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல். 2024 அக்டோபரில் வனத்துறை 40 மலையேற்றப் பாதைகளை இணையப் பதிவோடு திறந்தது. இந்த மலைகளின் செண்பகத்தோப்புப் பாதையும் அதில் உண்டு. காலையில் வழிகாட்டியோடு போய் வெளிச்சத்திலேயே திரும்பும் நடை அது.

கோரைப் பாயோடு ஏறியவருக்கு மலை முழுக்கப் படுக்க இடம் இருந்தது, விரிக்கத்தான் பெரிதாக ஒன்றும் இல்லை. இன்று முதுகுப்பையில் எல்லாம் இருக்கிறது. அதை அந்த மலையில் விரிக்க முடியாது. இந்தத் தடையை நான் குறைசொல்ல மாட்டேன். அணிலுக்கும் யானைக்கும் புலிக்கும் இரவாவது மிச்சம் வேண்டும். ஓர் அமாவாசைக்குப் பின் அந்தப் பாதையில் கிடந்த பிளாஸ்டிக் பைகளையும் இலைத்தட்டுகளையும் பார்த்தவர்கள் யாரும் குறைசொல்ல மாட்டார்கள். வெள்ளத்தில் போன உயிர்களின் குடும்பங்களும் இதே ஊர்களில்தான் இருக்கின்றன. ஆனாலும் சுந்தரமகாலிங்கம் கோயில் முன்றிலில் இரவு மணி ஓய்ந்தபின் காட்டின் சத்தம் மட்டும் கேட்கப் படுத்துக்கிடப்பது என்ன என்று இன்றைய பிள்ளைக்குச் சொல்லி விளக்க முடியாது. அந்த அனுபவத்துக்கு அவர்கள் கேரளத் தேயிலைத் தோட்டங்களின் வாடகைக் கூடாரத்துக்குப் போகிறார்கள்.

எங்கே தங்கினாலும் நெருப்பு இனி நம்பிக்கைக்குரிய துணை இல்லை. குரங்கணிக்குப்பின் காட்டையொட்டித் தீ மூட்டுவதை வனத்துறை பொறுத்துக்கொள்வதில்லை, பொறுக்கவும் கூடாது. நெருப்பு போன இடத்தை நிரப்ப வேண்டியது முதுகுக்குக் கீழே இருக்கும் படுக்கைதான். அன்று மெல்லிய பாய் போதும் என்று சொன்னவர்களின் கணக்கை அப்படியே இன்று எடுத்தாள முடியாததற்கு இதுதான் காரணம். அவர்களின் பாயோடு சேர்த்து விறகும் கணக்கில் இருந்தது.

வெளியில் படுக்கும் வழக்கம் முழுவதும் போய்விடவில்லை. கார்த்திகை பிறந்துவிட்டால் ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வழியாகச் செங்கோட்டை தாண்டிக் கொல்லம் போகும் சாலை சபரிமலை யாத்திரைக்காரர்களின் சாலையாகிவிடும். மாலை போட்டவர்கள் 41 நாளும் மெத்தையும் தலையணையும் இல்லாமல் தரையில் படுப்பது விரதத்தின் ஒரு பகுதி. ஜமுக்காளமும் கோரைப் பாயும் இருந்த இடத்தில் இப்போது பிளாஸ்டிக் பாயும், நீலமும் கறுப்புமாகச் சுருட்டிய ஃபோம் பாயும் வேன்களின் கூரையில் தெரிகின்றன. அவை நனையாது, சீக்கிரம் காயும், சில நூறு ரூபாய்தான். விரதத்துக்கு இது சரியா என்று சில குருசாமிகள் முகம் சுளிக்கலாம். அறுபதைத் தாண்டிய சாமிகள் ஒரு சென்டிமீட்டர் நுரையின் மேல் கண்ணயர்வதில் எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. குறை, அந்தப் பாய் கிழிந்தபின் போகும் இடத்தில்தான். கோரை மண்ணோடு மண்ணாகும். நுரை பம்பைக் கரையில் கிடக்கும். அதைச் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுவருவதை விரதத்தின் கடைசிக் கடமையாகவே வைத்துக்கொள்ளலாம்.

வாங்க நினைப்பவர் முதலில் எங்கே படுக்கப்போகிறோம் என்று முடிவு செய்யட்டும். சமவெளியில், கோயில் மண்டபத்தில், யாத்திரை வழியில் என்றால் கீழே ஃபோம் பாய், மேலே கோரைப் பாய் அல்லது பருத்தி ஜமுக்காளம். நுரை கல்லையும் ஈரத்தையும் பார்த்துக்கொள்ளும். மேலே இருக்கும் கோரையோ பருத்தியோ வியர்வையைப் பார்த்துக்கொள்ளும். வெறும் நுரையில் படுத்தால் கோடையில் முதுகு நனைந்துவிடும். வருடத்துக்கு ஒருமுறை கொழுக்குமலை, கொடைக்கானல் என்றால் தானே உப்பும் வகையில் இரண்டரை சென்டிமீட்டருக்குக் குறையாதது. இமயப் பனிக்கு என்றால், பயண ஏற்பாட்டாளர்கள் தரும் ஃபோம் பாயை எண்ணிக்கொண்டு, அதன் மேல் போட ஒரு காற்றுப் படுக்கையை மட்டும் சுமந்தால் ஆர் மதிப்பு கூடிவிடும், முதுகும் தப்பும். கடையில் எதை வாங்கினாலும் மலைக்குப் போகும் முன் வீட்டுத் தரையில் ஓர் இரவு முழுதாக அதில் தூங்கிப் பார்க்க வேண்டும். விடியற்காலை மூன்று மணிக்கு எந்தப் பக்கம் வலிக்கிறது என்று தெரிந்தால், மாற்றிக்கொள்ளக் கடை அப்போது பக்கத்திலேயே இருக்கும்.